‘ஹெடிங் டவுன்’ என்றால் எந்தப் பக்கம்? சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே கைபேசிக்கு இப்படி ஒரு செய்தி வந்துவிடும்: ‘ஹெடிங் டவுன் நவ்’. அனுப்பியவர் மேற்பார்வையாளராக இருக்கலாம், வாடகை வீடு காட்டும் முகவராக இருக்கலாம். மாடியிலிருந்து இறங்குகிறார் போல என்று நீங்கள் மின்தூக்கி வாசலில் போய் நின்றால், நிற்க வேண்டியதுதான். நீங்கள் நிற்பது தீவின் கிழக்கே பாய லேபாரில். அவர் அப்போதுதான் மேற்கே பூன் லேயில் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டிருப்பார்.

பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலம் இங்கே பிழைக்கப் போதும். திசை சொல்லும் வினைகள்தான் கொஞ்சம் வழுக்கும். வினை சின்னது, அதன் வாலில் தொங்கும் சொல் அதைவிடச் சின்னது, பொருளை மாற்றுவதோ அந்த வால். இந்த ஊரில் அடிக்கடி காதில் விழும் ‘ஹெட்’ என்ற வினையை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். ரயில், பேருந்து, டாக்சி என்று மற்றதெல்லாம் அதன் பின்னால் வரும்.

முதலில் வாலைப் பாருங்கள்

‘ஹெட்’ வினையாக வந்தால், ஒரு பக்கமாக முகத்தைத் திருப்பி நகர்வது. கிளம்பியாயிற்று, அல்லது இதோ கிளம்பப் போகிறேன். போகிற பக்கம் இது. அதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. வந்து சேர்ந்ததைப் பற்றி அது வாயே திறக்காது. ‘ஐ ஆம் ஹெடிங் டு தேக்கா’ என்று நண்பர் அனுப்பினால் அவர் தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவின் சந்தைப் பக்கத்தில், இல்லை. அவரை நம்பி அங்கே சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்க வேண்டாம்.

பின்னால் ‘டு’ வந்தால் போய்ச் சேரும் இடம் உறுதி. ‘ஃபார்’ வந்தாலும் ஏறக்குறைய அதே பொருள்தான். ஆனால் ‘ஃபார்’ நல்லது கெட்டதுக்கும் வரும்: ‘ஹி இஸ் ஹெடிங் ஃபார் ட்ரபிள்’ என்றால், அந்த ஆள் போகிற போக்கு சரியில்லை, எங்கேயோ போய் மாட்டிக்கொள்ளப் போகிறார். ‘டுவர்ட்ஸ்’ வந்தால் அந்தத் திசையை நோக்கி என்று மட்டும் பொருள். அங்கே போய் நிற்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து காவடிகள் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்குப் போகும். காவடி எடுப்பவர் ‘ஹெடிங் டு டேங்க் ரோடு’. கூடவே கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வழியில் ரயில் ஏறி வீட்டுக்குப் போகிறவர் ‘ஹெடிங் டுவர்ட்ஸ் டேங்க் ரோடு’.

வீடு, அங்கே, இங்கே, திரும்ப என்ற நான்குக்கும் ‘டு’ கிடையாது. ‘ஹெடிங் ஹோம்’, ‘ஹெடிங் தேர்’, ‘ஹெடிங் பேக்’ என்று நேராகச் சொல்ல வேண்டும். ‘வீட்டுக்கு’ என்பதில் ‘கு’ ஒட்டியிருப்பதால் நம் வாயில் ‘ஹெடிங் டு ஹோம்’ என்று வந்துவிடும். புரியும், ஆனால் இடறும். அப்புறம், இதை ‘-இங்’ சேர்த்தே சொல்லப் பழகுங்கள். ‘ஐ ஹெட் டு ஆபீஸ்’ என்று மொட்டையாகச் சொன்னால் தினமும் செய்கிற வேலையைச் சொல்வது போல ஆகிவிடும். ‘ஹெடட் டு’ என்றும் சிலர் சொல்வார்கள். அமெரிக்கப் பழக்கம், பொருள் மாறாது.

‘ஹெட் அவுட்’ வெளியே கிளம்புவது. ‘ஹெட் ஆஃப்’ விடைபெற்றுக் கிளம்புவது. இரண்டாவதற்கு இந்த ஊர்க்காரர்கள் சொந்தமாக ஒன்று வைத்திருக்கிறார்கள்: ‘ஐ கோ ஃபர்ஸ்ட் ஆ’. யாரோடும் போட்டி போடவில்லை. ‘நீங்க இருங்க, நான் முன்னால கிளம்புறேன்’ என்பதுதான் அது. சீன மொழியிலிருந்து வந்த வழக்கு. நீங்களும் தாராளமாகச் சொல்லலாம். நம்முடைய ‘போயிட்டு வரேன்’ போல அதில் ஒரு மரியாதை இருக்கிறது.

இனி ‘டவுன்’

சிங்கப்பூர் ஆங்கிலத்தில் ‘டவுன்’ பெரும்பாலும் கீழே இல்லை. ஓர் இடத்துக்கு நேரில் போவது, வருவது, அவ்வளவுதான். ‘கென் யு கம் டவுன் டுமாரோ ஃபார் இன்டர்வியூ?’ என்று தொலைபேசியில் கேட்பார்கள். அலுவலகம் 14ஆவது மாடியில் இருக்கும். நீங்கள் மேலே ஏறித்தான் போக வேண்டும், ஆனாலும் அது ‘கம் டவுன்’தான். கட்டுமானத் துறையில் ‘கோ டவுன் டு சைட்’ என்பார்கள். வேலையிடத்துக்கு நேரில் போய்ப் பார்ப்பது. ‘ஹெடிங் டவுன்’ இந்தக் குடும்பம்தான். வந்துகொண்டிருக்கிறேன், நேரில்.

இதில் நாம் முகம் சுளிக்க ஒன்றும் இல்லை. நம் ஊரில் மேலத்தெரு என்றால் மேற்குத் தெரு, கீழத்தெரு என்றால் கிழக்குத் தெரு. மேலத்தெருவுக்குப் போக யாரும் ஏணி தேடுவதில்லை.

அப்படியானால் உண்மையிலேயே கீழே இறங்கி வரச் சொல்வதை எப்படிக் கண்டுபிடிப்பது? கூட வரும் இடப்பெயரைக் கவனியுங்கள். ‘கம் டவுன் டு லாபி’, ‘கம் டவுன் டு த வாய்ட் டெக்’ என்று ஒரே கட்டடத்தின் கீழ்ப்பகுதியைச் சொன்னால் இறங்க வேண்டும். வாய்ட் டெக் என்பது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய அடுக்குமாடிக் கட்டடங்களின், அதாவது புளோக்குகளின், அடியில் தூண்களுக்கு இடையே திறந்து கிடக்கும் தளம். கல்யாணம், துக்கம், சதுரங்கம் எல்லாம் அங்கேதான். பேட்டை பெயரோ வேறு கட்டடத்தின் பெயரோ வந்தால் வண்டி பிடிக்க வேண்டும். இடமே சொல்லாமல் விட்டால் கூச்சப்படாமல் ‘வேர் ஷல் வி மீட்?’ என்று கேட்டுவிடுங்கள்.

மாடி எண்ணிலும் ஒரு வித்தியாசம் உண்டு. நம் ஊரின் தரைத்தளம் இங்கே ‘லெவல் ஒன்’. நாம் முதல் மாடி என்பது ‘லெவல் டூ’. முகவரியில் 08-123 என்று இருந்தால் எட்டாவது தளம், நம் கணக்கில் ஏழாவது மாடி.

கடைசியாக ஒரு சிக்கல், இது தமிழ்க் காதுக்கு மட்டுமே உரியது. நகரத்தையும் ‘டவுன்’ என்கிறோம், கீழே என்பதையும் ‘டவுன்’ என்கிறோம். எழுதினாலும் ஒரே எழுத்துகள்தான். இங்கே ‘டவுன்’ என்ற நகரம் ஆர்ச்சர்ட், சிட்டி ஹால் வட்டாரம். நடுவில் ‘டு’ இருக்கிறதா என்று கேளுங்கள். ‘ஹெடிங் டு டவுன்’ என்றால் அவர் ஆர்ச்சர்ட் பக்கம் ஊர் சுற்றப் போகிறார், உங்களைப் பார்க்க வரவில்லை. ‘ஹெடிங் டவுன்’ என்றால் உங்களிடம் வருகிறார்.

‘வந்துட்டேன்’ என்று சொல்லாதீர்கள்

தமிழில் ‘இதோ வந்துட்டேன்’ என்போம். சொல்லும்போது இன்னும் சட்டை மாட்டியிருக்க மாட்டோம். கேட்கிறவருக்கும் அது தெரியும். அதையே ஆங்கிலத்தில் ‘ஐ கேம்’ என்றோ ‘ஐ ரீச்ட்’ என்றோ அனுப்பினால், எதிரே இருக்கும் சீனரோ மலாய்க்காரரோ நீங்கள் வந்துவிட்டதாகவே எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவார். அங்கே உங்களைக் காணோம் என்றால் உங்கள் பேச்சின் மேல் நம்பிக்கை போய்விடும்.

இதைப் பழக்கத்தில் கொண்டுவர எளிய முறை ஒன்று உண்டு. கதவைப் பூட்டும்போது ‘ஹெடிங் டவுன்’. ரயில் ஏறியபின் ‘ஆன் த வே’. இதை மூன்றெழுத்தாகச் சுருக்கி ஓ டி டபிள்யூ என்றுதான் எல்லோரும் அனுப்புகிறார்கள். ஓரிரு நிலையம் பாக்கி இருக்கும்போது ‘ரீச்சிங் சூன்’. காலை வைத்தபிறகு மட்டுமே ‘ரீச்ட்’. மூன்று நான்கு செய்தி அதிகம் என்று தோன்றலாம். இந்த ஊரில் அது தொல்லை இல்லை. ஐந்து நிமிடம் தாமதம் என்றாலும் முன்கூட்டிச் சொல்லிவிடுவார்கள், அதையே உங்களிடமும் எதிர்பார்ப்பார்கள்.

ரயிலிலும் பேருந்திலும்

பெருவிரைவு ரயிலில் மேடை எண்ணை விட ‘டுவர்ட்ஸ்’ முக்கியம். பலகையில் போட்டிருப்பது நீங்கள் இறங்கும் இடம் அல்ல, வண்டி போய் முடியும் கடைசி நிலையம். ஆகவே பாதையின் இரண்டு முனைகளின் பெயரையும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். கிழக்கு-மேற்குப் பாதையின் முக்கிய வண்டிகளுக்கு ஒரு முனை பாசிர் ரிஸ், மறுமுனை துவாஸ் லிங்க்.

ஜூரோங் ஈஸ்ட் நிலையத்தில் புதிதாக வந்தவர்கள் தடுமாறுவதற்குக் காரணம் உண்டு. அங்கே ‘மரீனா சவுத் பியர்’ என்று போட்ட வண்டி நிற்கும். மரீனா என்றால் நகரத்துப் பக்கம்தானே, ஏறிவிடலாம் என்று தோன்றும். ஏறினால் நகரத்துக்குப் போகும், பொய்யில்லை. ஆனால் முதலில் வடக்கே ஏறி, கிராஞ்சி, உட்லண்ட்ஸ், ஈசூன், அங் மோ கியோ என்று பாதித் தீவைச் சுற்றிக் காட்டிவிட்டுத்தான் போகும். ஜூரோங் பக்கத் தங்குவிடுதியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவுக்குப் போக வேண்டுமென்றால் பாசிர் ரிஸ் நோக்கிப் போகும் வண்டியில் ஏறி, ஊட்ரம் பார்க்கில் மாறி, வடகிழக்குப் பாதையில் பொங்கோல் கோஸ்ட் பக்கம் போகும் வண்டியைப் பிடியுங்கள். ஊட்ரம் பார்க்கிலிருந்து நான்காவது நிலையம் லிட்டில் இந்தியா. யாரிடமாவது கேட்பதானால் ‘இஸ் திஸ் ட்ரெயின் ஹெடிங் டுவர்ட்ஸ் பாசிர் ரிஸ்?’ என்று கேளுங்கள். ‘டஸ் இட் கோ டு சிட்டி?’ என்று கேட்டால் ஜூரோங் ஈஸ்ட்டில் இரண்டு வண்டிக்கும் ஆம் என்றுதான் பதில் வரும்.

பேருந்தில் ஒரே எண் சாலையின் இரு பக்கமும் ஓடும், அதனால் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதுதான் கேள்வி. நிறுத்தத்தின் பெயருக்கு முன்னால் பெரும்பாலும் ஒரு மூன்றெழுத்துச் சுருக்கம் இருக்கும்: ‘ஆப்போசிட்’, ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’ ஆகியவற்றின் தலையெழுத்துகள். எதிரே, முன்னால், தாண்டி. ‘ஆப்போசிட்’ போட்ட நிறுத்தத்தில் இறங்கினால் நீங்கள் தேடும் கட்டடம் சாலைக்கு அந்தப் பக்கம். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஐந்து இலக்க எண் உண்டு. எதிரெதிர் நிறுத்தங்களில் ஒன்று 1இலும் மற்றது 9இலும் முடிவதுதான் பெரும்பாலும் வழக்கம். நண்பருக்கு வழி சொல்லும்போது அந்த எண்ணையே கொடுத்துவிடுங்கள், வாக்குவாதமே வராது.

நடந்து போகிறவருக்கு வழி சொல்வது

லிட்டில் இந்தியாவில் நின்றுகொண்டு ஒருவர் முஸ்தபா பேரங்காடிக்கு வழி கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மாலைகளில் கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். தேக்கா சந்தைப் பக்கம் நிற்கிறீர்கள் என்றால் இப்படிச் சொல்லலாம்: ‘ஹெட் அப் சிராங்கூன் ரோட். கோ பாஸ்ட் த காளியம்மன் டெம்பிள் ஆன் யுவர் லெஃப்ட். தென் டர்ன் ரைட் இன்டு சையத் அல்வி ரோட்.’ மூன்று வாக்கியம், மூன்று வினை. ‘ஹெட் அப்’ என்பதில் ஏற்றம் எதுவும் இல்லை. சாலையோடு போய்க்கொண்டே இருப்பது. ‘கோ பாஸ்ட்’ கோயிலைத் தாண்டுவது, உள்ளே போவதில்லை. ‘டர்ன் இன்டு’ ஒரு தெருவுக்குள் திரும்புவது. வீரமாகாளியம்மன் கோயில் மாதிரி கண்ணில் அடிக்கும் அடையாளத்தை நடுவில் வைத்ததால் நடப்பவருக்குத் தாண்டினோமா இல்லையா என்ற சந்தேகம் வராது.

வீவக பேட்டைக்குள் வழி கேட்டால் ‘கட் த்ரூ’ என்பார்கள். வாய்ட் டெக் வழியாகக் குறுக்கே நுழைந்து அந்தப் பக்கம் வருவது. சாலை வழியே போனால் சுற்று, மழையிலும் நனைய வேண்டும், அதனால் ஊரே இப்படித்தான் நடக்கிறது. அடுத்தவர் வீட்டுக் கொல்லையில் நுழைகிறோமோ என்று தயங்க வேண்டாம். வடக்கு, தெற்கு என்று தெருவில் யாரும் சொல்வதில்லை. புளோக் எண், போக்குவரத்து விளக்கு, காப்பிக் கடை, இவைதான் இங்கே திசைகாட்டி.

டாக்சியில்

தேக்காவில் ஏறி ஈசூன் என்று சொல்கிறீர்கள்.

‘விச் வே? சிடிஇ ஆர் தாம்சன்?’

‘எனி வே ஓகே, அங்கிள். நோ ஜாம் கென் ஆல்ரெடி.’

பல ஓட்டுநர்கள் வழியைக் கேட்டுவிட்டுத்தான் எடுப்பார்கள். சோதனை ஒன்றும் இல்லை, சுற்றிக்கொண்டு போனதாகப் பிறகு பேச்சு வரக்கூடாதே என்றுதான். சிடிஇ என்பது மத்திய விரைவுச்சாலை, தாம்சன் என்பது அதே பெயருள்ள சாலை. வழி தெரியாவிட்டால் மேலே சொன்ன பதில் போதும்: எந்த வழியானாலும் சரி, நெரிசல் இல்லாமல் இருந்தால் போதும். வயதான ஓட்டுநரை அங்கிள் என்றே கூப்பிடுங்கள், பெண் என்றால் ஆண்ட்டி.

புளோக் நெருங்கும்போதுதான் வினைகள் சரமாரியாக வரும். ‘கீப் லெஃப்ட்’ இடது தடத்திலேயே இருப்பது. ‘டர்ன் இன்’ கார் நிறுத்துமிடத்துக்குள் திரும்புவது. முன்னால் பார்த்த ‘டர்ன் இன்டு’வின் பின்னால் இடப்பெயர் கட்டாயம் வேண்டும், கையைக் காட்டிச் சொல்லும்போது ‘டர்ன் இன் ஹியர்’ போதும். புளோக்கைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய்விட்டால் ‘யு-டர்ன்’ கேட்கலாம், ஆனால் கேட்ட இடத்தில் போட மாட்டார்கள். இங்கே அதற்கான பலகை வைத்த இடத்தில்தான் வண்டியைத் திருப்பலாம். அதனால் கொஞ்சம் முன்கூட்டியே சொல்வது உங்கள் காசுக்கு நல்லது.

நாலடி தாண்டி நின்றுவிட்டால்? அதற்கு இந்த ஊரிலும் மலேசியாவிலும் வழங்கும் சொல் ஒன்று இருக்கிறது: ‘கோஸ்தான்’. ‘அங்கிள், கோஸ்தான் எ பிட்’ என்றால் வண்டி பின்னால் வரும். கப்பலைப் பின்பக்கமாகச் செலுத்தச் சொல்லும் ‘கோ அஸ்டர்ன்’ என்ற மாலுமிச் சொல் கரையேறி, சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லோர் வாயிலும் உருண்டு இப்படி ஆகிவிட்டது. அலுவலகக் கடிதத்தில் எழுதிவிடாதீர்கள், அங்கே ‘ரிவர்ஸ்’. டாக்சியில் தாராளமாகச் சொல்லலாம். பெரும்பாலான அங்கிள்கள் அதைக் கேட்டதும் உங்களிடம் ஊர்க்கதை பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

அலுவலக மின்னஞ்சலில் வரும் உறவினர்கள்

‘ஹெட்’ வந்தாலே பயணம் என்று எண்ணிவிட வேண்டாம். ‘ஷி ஹெட்ஸ் அப் த டீம்’ என்றால் அவர்தான் அந்தக் குழுவுக்குத் தலைமை. ‘ஹெட் ஆஃப் எ ப்ராப்ளம்’ என்பது கிளம்புவது அல்ல, சிக்கல் முற்றுவதற்குள் மறித்துவிடுவது. ‘ஜஸ்ட் எ ஹெட்ஸ் அப்’ என்று தொடங்கும் மின்னஞ்சலில் யாரும் மேலே பார்க்கச் சொல்லவில்லை. முன்கூட்டியே காதில் போட்டுவைக்கிறேன் என்பதுதான். அதற்கு ‘நோட்டட், தேங்க்ஸ்’ என்று ஒரு வரி அனுப்பினால் முடிந்தது.

அவசரத்தில் இடத்தைச் சொல்வது

தீயணைப்புக்கும் மருத்துவ உதவி வண்டிக்கும் 995. காவல்துறைக்கு 999. பதற்றத்தில் ஆங்கிலம் ஓடிவிடும் என்பதால் இதை மட்டும் முன்னாலேயே வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

கட்டடத்தில் இருந்தால் புளோக் எண், தெரு, தளம். அஞ்சல் குறியீடு தெரிந்தால் இன்னும் நல்லது. 1995இல் வந்த இந்த ஆறு இலக்க எண் ஏறக்குறைய ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனியாக இருக்கிறது. வீவக புளோக் என்றால் அதன் கடைசி மூன்று இலக்கம் பெரும்பாலும் புளோக் எண்ணாகவே இருக்கும். தங்கும் இடத்தின் குறியீட்டை இன்றைக்கே மனப்பாடம் செய்துவிடுங்கள்.

விரைவுச்சாலையில் வண்டி மோதி நின்றுவிட்டால் சாலையின் பெயர் மட்டும் சொல்வது பத்தாது. பிஐஇ எனப்படும் தீவு விரைவுச்சாலை சாங்கியிலிருந்து துவாஸ் வரை போகிறது, நாற்பது கிலோமீட்டருக்கு மேல். போகும் தடமும் வரும் தடமும் தனித்தனி, நடுவில் தடுப்பு. எந்தப் பக்கம் என்று சொல்லாவிட்டால் உதவி வண்டி தடுப்புக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கும். ஆகவே வரிசை இது: சாலை, திசை, கடைசியாகத் தாண்டிய வெளிவழி, பக்கத்து விளக்குக் கம்பத்தின் எண். ‘வி ஆர் ஆன் த பிஐஇ, ஹெடிங் டுவர்ட்ஸ் சாங்கி, ஆஃப்டர் த எங் நியோ எக்ஸிட்.’ கம்பத்தில் எண் எழுதியிருக்கும், அதை இலக்கம் இலக்கமாகப் படித்துச் சொல்லுங்கள். எதிர்முனையில் இருப்பவர் திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பார். அவர் சொல்லும்வரை இணைப்பைத் துண்டிக்க வேண்டாம்.